கூரை தேடும் ஆகாயக் கப்பல்கள்

போர் விமானங்களுக்கு ஒரு பாக்கியம் உண்டு. ஓய்வு பெற்ற பிறகும் அவற்றைக் கேட்டு வாங்கிக்கொள்ள ஆள் இருக்கிறது. கல்லூரி வாசலிலும் நகரப் பூங்காவின் முனையிலும் இராணுவ முகாமின் முகப்பிலும் ஒரு பீடத்தின்மேல் மூக்கை உயர்த்திக்கொண்டு நிற்கும் பழைய போர் விமானத்தை நம் நாட்டிலேயே பல ஊர்களில் காணலாம். சிறிய யந்திரம், ஒரு லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து, ஒரு கிரேனால் தூக்கி நிறுத்திவிட்டால் காரியம் முடிந்தது. ஆனால், அதே காலத்தில், எந்த யுத்தத்திலும் கலந்துகொள்ளாமல், மாணவனையும் மணப்பெண்ணையும் வியாபாரியையும் நோயாளியையும் பிழைப்புத் தேடிப் புறப்பட்ட தொழிலாளியையும் கண்டம் விட்டுக் கண்டம் சுமந்து சென்று, இருபதாம் நூற்றாண்டின் மனித வாழ்க்கையையே மாற்றியமைத்த பிரயாணி ஜெட் விமானங்களுக்கு இந்த யோகம் அநேகமாக வாய்ப்பதில்லை. பெரும்பாலானவை ஏதோ ஒரு பாலைவன விமான நிலையத்தின் ஓரத்தில் சில மாதங்கள் வெயில் காய்ந்துவிட்டு, அங்கம் அங்கமாகப் பிரிக்கப்பட்டு, கடைசியில் காயலான் கடைச் சரக்காகப் போய்ச் சேருகின்றன.

இதை நன்றி கெட்ட செயல் என்று பழித்துவிடுவது எளிது. கணக்குப் புத்தகத்தைத் திறந்து பார்த்தால் விமானக் கம்பெனிக்காரர்களின் நியாயமும் புலப்படும். பழைய விமானத்தை முழுதாக விற்பதைக் காட்டிலும் பிரித்து விற்பதில்தான் ஆதாயம் அதிகம். எஞ்சின்கள், சக்கரத் தொகுதிகள், விமானி அறையின் கருவிகள், வாலில் இருக்கும் சிறு துணை எஞ்சின் ஆகியவற்றுக்கெல்லாம், அதே ரகத்து விமானம் உலகில் எங்கேனும் ஒன்று பறந்துகொண்டிருக்கும் வரையில் நல்ல விலை உண்டு. இவற்றையெல்லாம் கழற்றிய பிறகு எஞ்சுவது வெறும் அலுமினியக் கூடு. எஞ்சின்களோ பல வேளைகளில் கம்பெனியின் சொத்தே அல்ல, வாடகைக்கு எடுத்தவை. ஆகவே ‘நாங்கள் ஒரு விமானத்தை அருங்காட்சியகத்துக்குத் தானமாகக் கொடுக்கிறோம்’ என்று ஒரு கம்பெனி மேளதாளத்துடன் அறிவிக்கும்போது, பெற்றுக்கொள்கிறவர்களின் மனத்தில் எழும் முதல் கேள்வி, அது எஞ்சினோடு வருமா, எஞ்சின் இல்லாமல் வருமா என்பதுதான். எஞ்சின் இல்லாவிட்டால் அது தானாகப் பறந்து வராது. பறந்து வராவிட்டால் வெட்டித்தான் கொண்டுவர வேண்டும். இறக்கையின் முதுகெலும்பாகிய பிரதான விட்டத்தை ஒருமுறை வெட்டிவிட்டால், பிறகு அதை எவ்வளவு நேர்த்தியாகப் பொருத்தினாலும் அந்த விமானம் மீண்டும் ஆகாயம் ஏறப்போவதில்லை.

அருங்காட்சியகத்தின் வாசல்வரை வந்து சேர்ந்த பின்னரும் கஷ்டம் தீர்ந்தபாடில்லை. அலுமினியம் துருப்பிடிக்காது என்பது நம் சமையலறை தந்த நம்பிக்கை. விமானத்துக்கு வேண்டிய பலத்துக்காகச் செம்பு முதலியவற்றைக் கலந்து செய்யும் உலோகக் கலவையோ அரிப்புக்கு எளிதில் இடம் கொடுப்பது. அதன் மேல் மெல்லிய சுத்த அலுமினியப் போர்வை ஒன்று உண்டென்றாலும், கீறல் விழுந்த இடத்திலும் ரிவெட்டு அடித்த ஓரங்களிலும் ஈரம் புகுந்து, வெளிக்குத் தெரியாமல் தகடு தகடாகப் பிரிய ஆரம்பித்துவிடும். பறக்கும் விமானத்தைத் தினமும் பார்க்க ஆள் உண்டு. நிற்கும் விமானத்தின் அடிவயிற்றில் உள்ள சிறு வடிகால் துளைகளில் தூசியும் இலையும் அடைத்துக்கொண்டால், உள்ளே நீர் குளம் கட்டுகிறது. உட்சுவரில் ஒட்டியிருக்கும் குளிர்தாங்கும் பஞ்சு மெத்தைகள் அந்த ஈரத்தை உறிஞ்சி, ஈரத்துணி சுற்றியதுபோல் தகட்டோடு ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. எல்லாவற்றிலும் மோசமான அரிப்பு எங்கே இருக்கும் என்று பழைய மெக்கானிக்குகளைக் கேட்டால், சற்றும் யோசிக்காமல், காபி கொட்டும் சமையல் மூலைக்கும் கழிப்பறைக்கும் அடியில் என்று சொல்வார்கள். வெயிலில் ஜன்னல் கண்ணாடிகள் நூல் நூலாக வெடித்துப் பார்வை மங்கிப்போகும். டயர்கள் ஒரே பக்கத்தில் பாரம் தாங்கித் தட்டையாகிவிடும். எஞ்சின் வாய்களில் பறவைகள் குடித்தனம் நடத்தும். எஞ்சினையும் ஆசனங்களையும் எடுத்துவிட்டால் எடை குறைந்துபோகும். இறக்கையோ காற்று வீசினால் மேலே எழும்புவதற்கென்றே செய்யப்பட்டது. அதற்கு, தான் ஓய்வு பெற்றுவிட்ட செய்தி தெரியாது. ஆகையால் புயல் அடிக்கும் பிரதேசங்களில் விமானத்தைத் தரையோடு கட்டிப்போடுவார்கள், அல்லது வயிற்றில் பாரம் ஏற்றிவைப்பார்கள்.

இத்தனைக்கும் ஒரே மருந்து கூரை. ஆனால் அகலம் அறுபது மீட்டரை எட்டும் ஒரு ஜம்போ ஜெட்டுக்குக் கூரை போடுவதென்றால், நடுவில் தூண் இல்லாமல், பெரிய கல்யாண மண்டபங்கள் நாலைந்தை ஒன்றாக்கிய பரப்புக்குப் போட வேண்டும். ஒரு பிரயாணி விமானத்துக்கு ஆகும் இடத்தில் பத்துப் போர் விமானங்களை வைத்துப் பத்து மடங்கு கூட்டத்தை இழுக்கலாமே என்று அருங்காட்சியக நிர்வாகிகள் கணக்குப் போடுகிறார்கள். விளைவு என்னவென்றால், நம் ஊர்க் கோயில்களில் விக்கிரகங்கள் எல்லாம் கர்ப்பகிருகத்துக்குள் பத்திரமாக இருக்க, தேர் மட்டும் அதன் உயரத்துக்கு மண்டபம் கட்ட முடியாமல் தகரக் கொட்டகையிலும் தெருவோரத்திலும் நின்று மழையில் நனைகிறதே, அந்த நிலைமைதான் பிரயாணி விமானத்துக்கும்.

கூரை இல்லாததன் விளைவை இங்கிலாந்திலுள்ள காஸ்ஃபோர்டு அருங்காட்சியகத்தின் அனுபவம் நன்றாகக் காட்டும். பிரிட்டிஷ் ஏர்வேஸ் கம்பெனி தன் பரம்பரையின் நினைவாக, போயிங் 707, விக்கர்ஸ் விசி10, டிரைடென்ட், ஒன்-இலெவன், வைகவுண்ட் என்று ஒரு வரிசையை அங்கே திறந்த வெளியில் நிறுத்தியிருந்தது. ஒரு தேசத்தின் ஆகாயப் போக்குவரத்துச் சரித்திரத்தை ஒரே பார்வையில் காணக்கூடிய அந்த வரிசையை ஆங்கில நாட்டு மழையும் பனியும் ஆண்டுதோறும் அரித்தன. பராமரிப்புக்குப் பணம் கொடுப்பது யார் என்ற பிரச்சினை எழுந்தது. 2006-ஆம் ஆண்டில் ஒன்-இலெவனும் வைகவுண்டும் ஸ்காட்லாந்திலுள்ள ஈஸ்ட் ஃபார்ச்சூன் அருங்காட்சியகத்துக்குப் போய்ப் பிழைத்துக்கொண்டன. மற்ற மூன்றும் அங்கேயே வெட்டப்பட்டு, சில துண்டுகள் மட்டும் நினைவுக்கு மிஞ்சின. பொருட்காட்சி சாலைக்குள் சேர்ந்துவிட்டால் அமரத்துவம் கிடைத்துவிட்டது என்று எண்ணுவோருக்கு இது ஒரு பாடம்.

அதே காஸ்ஃபோர்டில் கூரைக்குக் கீழே நிற்கும் ஒரு விமானம் உண்டு. அதைப் பற்றி நிதானமாகவே சொல்ல வேண்டும். உலகின் முதல் பிரயாணி ஜெட் விமானமான டி ஹாவிலண்ட் காமெட்டின் ஆரம்ப ரகத்தில் முழு உருவோடு இன்று எஞ்சியிருப்பது அது ஒன்றுதான். 1949-ஆம் ஆண்டு ஜூலை 27-ஆம் தேதி ஹாட்ஃபீல்டில் ஜான் கன்னிங்ஹாம் என்ற விமானி காமெட்டை முதன்முதல் பறக்கவிட்டார். 1952 மே 2-ஆம் தேதி லண்டனிலிருந்து ஜோகானஸ்பர்க்குக்கு அது பிரயாணிகளை ஏற்றிக்கொண்டு கிளம்பியபோது, ஆகாயப் பிரயாணத்தில் ஒரு புது யுகம் பிறந்ததாக உலகமே கொண்டாடியது. அதே வருஷம் ஆகஸ்டு மாதத்தில் கொழும்புக்கும் காமெட் வரத் தொடங்கியது என்பதை நம்மில் பலர் அறியார். கப்பலில் வாரக்கணக்காகச் சென்ற தூரத்தை ஏறக்குறைய ஒரு பகலிலும் ஓர் இரவிலும் கடப்பதென்பது அக்காலத்து மனிதருக்கு நம்புவதற்கரிய செய்தியாக இருந்திருக்கும்.

ஆனால் சரியாக ஓராண்டு நிறைந்த நாளில், 1953 மே 2-ஆம் தேதி, கல்கத்தாவிலிருந்து கிளம்பிய ஒரு காமெட் புயல் மழையில் சிக்கிச் சிதறி, அதிலிருந்த 43 பேரும் மாண்டனர். 1954 ஜனவரியில் எல்பா தீவுக்கு அருகில் ஒன்று, ஏப்ரலில் நேப்பிள்ஸுக்கு அருகில் இன்னொன்று என, தெளிந்த வானத்திலேயே காமெட்டுகள் உடைந்து வீழ்ந்தன. கடலடியிலிருந்து துண்டு துண்டாக எடுத்துவரப்பட்ட சிதைவுகளை ஃபார்ன்பரோவில் விஞ்ஞானிகள் விமானத்தின் வடிவிலேயே அடுக்கி ஆராய்ந்தனர். மற்றொரு காமெட்டின் உடலைப் பெரிய தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்தி, உயரே ஏறி இறங்கும்போது ஏற்படும் காற்றழுத்த மாறுதலைத் தண்ணீரைக் கொண்டே ஆயிரக்கணக்கான தடவை உண்டாக்கிப் பார்த்தனர். கடைசியில், உலோகமும் மனிதனைப்போல் களைப்படைந்து, ஜன்னல் திறப்புகளின் மூலைகளில் மயிரிழைபோல் வெடிக்கத் தொடங்கி, ஒரு கணத்தில் கிழிந்துவிடுகிறது என்ற உண்மை வெளிப்பட்டது. எல்பாவில் வீழ்ந்த காமெட்டின் கூரைத் துண்டொன்று லண்டன் விஞ்ஞான அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இன்று ஜெட் விமானத்தில் ஏறும் ஒவ்வொருவருக்கும் அந்தச் சிறு தகடு ஒருவகையில் உபகாரி. அதைக் கண்டு கற்ற பாடத்தின்மேல்தான் பிற்கால விமானங்கள் எல்லாம் கட்டப்பட்டன.

பழைய பொருளைப் புகைப்படத்தில் பார்த்தால் போதாதா, இவ்வளவு பெரிய உருவத்தை எதற்காகப் பாதுகாக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லக்கூடிய பதில் இதுதான்: ஒரு ஜன்னலின் மூலை வளைந்திருக்கிறதா, சதுரமாக இருக்கிறதா, தகடு எவ்வளவு மெல்லியது, முப்பத்தாறு பேர் உட்கார்ந்த அந்த அறை எவ்வளவு குறுகியது என்பவற்றையெல்லாம் புகைப்படம் சொல்லும், கை உணராது. மனிதர் தம் உயிரை எந்தக் கனத்துத் தகட்டிடம் ஒப்படைத்தார்கள் என்பதைத் தொட்டுப் பார்த்தாலன்றி நம்ப முடியாது.

பாதுகாப்பதென்று முடிவு செய்தபின், எந்த நிலையில் பாதுகாப்பது என்ற வழக்கு எழுகிறது. காஸ்ஃபோர்டின் காமெட் பிரான்ஸ் தேசத்துக் கம்பெனிக்காகக் கட்டப்பட்டது. ஆனால் இன்று அது நிற்பது, அது ஒருநாளும் ஊழியம் செய்யாத பி.ஓ.ஏ.சி. என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் வர்ணத்தில். பார்க்க வருகிறவர்களுக்குச் சரித்திரத்தைச் சுட்டிக்காட்ட இது உதவுகிறது என்பது ஒரு கட்சி. சாட்சியைக் கூண்டில் ஏற்றிப் பொய் சொல்ல வைப்பதற்கு ஒப்பானது இது என்பது எதிர்க்கட்சி. என் அபிப்பிராயம் பின்னவர் பக்கம் சாய்கிறது. பெர்லினில் நடந்ததைக் கேட்டால் வாசகரும் சாய்வார்.

பெர்லின் நகரின் டேகல் விமான நிலையத்தில், லுஃப்தான்சா கம்பெனியின் மஞ்சளும் நீலமுமான வர்ணத்தில் ஒரு போயிங் 707 பல ஆண்டுகள் நின்றது. 1986-இல் போயிங் கம்பெனி பரிசாகத் தந்தது அது. நகரம் பிரிந்து கிடந்த அந்நாளில் லுஃப்தான்சா விமானங்கள் பெர்லினுக்குப் பறக்கவே அனுமதி கிடையாது என்பதால், அந்த விமானம் அங்கே நிற்பதே ஓர் அரசியல் விநோதமாக இருந்தது. ஆனால் அது லுஃப்தான்சா விமானமே அல்ல. இஸ்ரேல் தேசத்து எல் ஆல் கம்பெனிக்காகப் பறந்தது. அதுமட்டுமா? 1970 செப்டம்பர் 6-ஆம் தேதி ஆம்ஸ்டர்டாமிலிருந்து நியூயார்க் சென்றுகொண்டிருந்தபோது பாலஸ்தீனப் போராளி லைலா காலித்தும் அவருடைய தோழரும் கடத்த முயன்று, நடுவானில் முறியடிக்கப்பட்ட அந்தப் பிரசித்தமான சம்பவம் நடந்தது இதே விமானத்தின் உள்ளேதான். மெய்யான சரித்திரம் உள்ளே இருக்க, வெளியே ஒரு வேஷத்தைப் பூசி நிறுத்தினார்கள். வேஷத்துக்கு மதிப்புக் குறைந்ததும் கவனிப்பும் குறைந்தது. 2020-இல் விமான நிலையம் மூடப்பட, மறு ஆண்டு விமானமும் உடைக்கப்பட்டது. உண்மைப் பெயரோடு நின்றிருந்தால் பிழைத்திருக்குமா என்று யார் சொல்ல முடியும்? ஆனால் அதை உடைக்கும் முன் இன்னும் சிலராவது வாய் திறந்திருப்பார்கள்.

பிழைத்த விமானங்களின் கதைகளை விசாரித்துப் பார்த்தால், அவை ஒவ்வொன்றின் பின்னாலும் சர்க்காரையோ கம்பெனியையோ காட்டிலும், விடாப்பிடியான நாலைந்து மனிதர்களே இருக்கிறார்கள். அமெரிக்காவின் முதல் போயிங் 727 இதற்குச் சிறந்த உதாரணம். 1963 பிப்ரவரி 9-ஆம் தேதி முதன்முதலாகப் பறந்து, மறு வருஷம் யுனைட்டெட் கம்பெனியிடம் சேர்ந்து, இருபத்தாறு வருஷ காலத்துக்கும் மேலாக உழைத்து, அறுபத்து நாலாயிரம் மணி நேரத்துக்கு மேல் பறந்து, சுமார் 30 லட்சம் பேரைச் சுமந்த பிறகு, 1991 ஜனவரியில் அது ஓய்வு பெற்றது. சியாட்டில் நகரத்து விமான அருங்காட்சியகம் அதைப் பெற்றுக்கொண்டது. ஆனால் கொடுத்த கம்பெனி, இன்னும் பறந்துகொண்டிருந்த தன் மற்ற விமானங்களுக்கு உதவும் சாமான்கள் பலவற்றைக் கழற்றிக்கொண்டுதான் கொடுத்தது. அருகிலுள்ள எவரெட் விமான நிலையத்தில், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற எஞ்சினீயர்களும் மெக்கானிக்குகளும் வேறு தொழில் செய்யும் அபிமானிகளும் வாரத்தில் கிடைத்த நாட்களில் கூடி, சம்பளம் இல்லாமல் வேலை செய்தார்கள். காணாமற்போன சாமான்களுக்காகவே, பெடெக்ஸ் சரக்குக் கம்பெனி தானமாகக் கொடுத்த இன்னொரு 727-ஐப் பிரித்தார்கள். ஒன்றைக் காப்பாற்ற ஒன்றைப் பலி கொடுப்பது இந்தத் தொழிலின் வழக்கம். இப்படியே கால் நூற்றாண்டு ஓடிற்று. 2016 மார்ச் 2-ஆம் தேதி அந்த விமானம் தன் மூன்று எஞ்சின்களின் சொந்த பலத்தில் எழும்பி, சுமார் கால் மணி நேரம் பறந்து, அருங்காட்சியகத்தை ஒட்டிய போயிங் ஃபீல்டில் இறங்கியது. அந்தக் கால் மணி நேரத்துக்காக இருபத்தைந்து வருஷமா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். சாலை வழியாக வெட்டி எடுத்துவந்திருந்தால் ஒரு மாதத்தில் முடிந்திருக்கும்; முதல் விமானத்தின் இறக்கையில் ரம்பத்தை வைக்க அவர்களுக்கு மனம் வரவில்லை.

அதே அருங்காட்சியகத்தில்தான் 1969-இல் முதன்முதல் பறந்த ஆதி 747-உம் இருக்கிறது. அதற்குங்கூட, ஆண்டுக்கணக்காக மழையில் நின்ற பிறகு, 2016-இல்தான் பெரிய கூரை ஒன்று வாய்த்தது. 707-இன் மூலவடிவான ‘டாஷ் 80’ விமானமோ 1954-இல் பறந்து, 1972-இல் ஸ்மித்சோனியன் ஸ்தாபனத்துக்குக் கொடுக்கப்பட்டு, வைக்க இடமில்லாமல் அரிஸோனா பாலைவனத்தில் கிடந்து, போயிங் கம்பெனியால் மறுபடி செப்பனிடப்பட்டு, 2003-இல்தான் வாஷிங்டன் அருகே தன் நிரந்தர வாசஸ்தலத்துக்குப் பறந்து வந்தது. தானம் கொடுத்த நாளுக்கும் தங்குமிடம் கிடைத்த நாளுக்கும் நடுவே முப்பத்தோரு வருஷம்! அதில் பல வருஷங்கள் பாலைவனத்தின் வறண்ட காற்றுதான் அதற்குக் கூரையாக இருந்தது.

ஆஸ்திரேலியர்களின் சிரத்தை வேறு விதமானது. தங்கள் கண்டம் உலகத்துக்கு எட்டாத மூலையில் கிடந்ததையும், ஜெட் விமானமே அந்தத் தனிமையைப் போக்கியதையும் அவர்கள் மறப்பதில்லை. குவாண்டஸ் கம்பெனி 1959-இல் வாங்கிய அதன் முதல் 707, பல கைகள் மாறி, இங்கிலாந்தில் சவுத்எண்ட் விமான நிலையத்தில் கேட்பாரற்றுக் கிடந்தபோது, அதை ஓட்டியும் பழுதுபார்த்தும் பழகிய ஓய்வு பெற்ற ஊழியர்கள் அவ்வளவு தூரம் கடந்து சென்று, அதன் அரிப்புகளைச் சீர்செய்து, எஞ்சின்களை உயிர்ப்பித்து, 2006 டிசம்பரில் தாய்நாட்டுக்குப் பறந்துவரச் செய்தார்கள். இன்று அது அக்கம்பெனியின் பிறப்போடு சம்பந்தப்பட்ட லாங்ரீச் என்ற உள்நாட்டுச் சிற்றூரில், ஒரு 747-உக்குத் துணையாக, நல்லதொரு கூரையின் கீழ் நிற்கிறது. 1989-இல் லண்டனிலிருந்து சிட்னிக்கு எங்கும் இறங்காமல் 20 மணி 9 நிமிஷத்தில் பறந்து சாதனை செய்த மற்றொரு 747-ஐ, சிட்னிக்குத் தெற்கே தன்னார்வலர்கள் நடத்தும் ஒரு சங்கத்துக்கு 2015-இல் கொடுத்தார்கள். 1,819 மீட்டர் நீளமே உள்ள அங்கிருக்கும் சிறு ஓடுபாதையில் அவ்வளவு பெரிய விமானத்தை இறக்கியது விமானிகளின் கைத்திறம்; மறுபடி அங்கிருந்து ஏறப்போவதில்லை என்பதால் இறங்கினால் போதும் என்ற சௌகரியமும் இருந்தது.

இறங்கினால் போதும் என்ற இந்த வித்தையில் யாவரையும் விஞ்சியவர்கள் கிழக்கு ஜெர்மானியர்கள். ஸ்டோல்ன் என்பது பெர்லினுக்கு மேற்கே உள்ள ஒரு குக்கிராமம். மனிதன் இறக்கை கட்டிப் பறக்க முடியும் என்று உலகுக்குக் காட்டிய ஓட்டோ லிலியென்தால், அவ்வூர்க் குன்றுச் சரிவில் பறந்து பழகி, 1896 ஆகஸ்டில் அங்கேயே வீழ்ந்து, மறுநாள் உயிர் துறந்தார். அவர் நினைவாக அக்கிராமத்தில் ஒரு பெரிய ஜெட் விமானத்தை வைக்க வேண்டுமென்று தீர்மானித்தார்கள். இண்டர்ஃப்ளூக் கம்பெனியின் இல்யூஷின் 62 ரக விமானம் ஒன்று ஓய்வு பெறவிருந்தது. வெட்டிக் கொண்டுபோவது செலவு. விமான நிலையமோ கிடையாது. சுமார் 900 மீட்டர் நீளமுள்ள ஒரு புல்தரைதான் இருந்தது. சாதாரணமாக இரண்டு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட உறுதியான பாதையை எதிர்பார்க்கும் அந்த நான்கு எஞ்சின் விமானத்தை, ஹைன்ஸ்-டீட்டர் கால்பாக் என்ற விமானியும் அவர் குழுவினரும் 1989 அக்டோபர் 23-ஆம் தேதி, மண்ணும் புழுதியும் மேகமாய் எழ, அந்தப் புல்வெளியிலேயே இறக்கி நிறுத்தினார்கள். இரண்டரை வாரத்தில் பெர்லின் சுவர் விழுந்தது. அந்தத் தேசமே சரித்திரமாயிற்று. விமானம் மட்டும் அங்கேயே நிற்கிறது. லிலியென்தாலின் மனைவி பெயரால் அதற்கு ‘லேடி ஆக்னஸ்’ என்று பெயர். உள்ளே ஒரு சிறு கண்காட்சியும், கல்யாணப் பதிவு செய்யும் அலுவலகமும் உண்டு. ஆகாயத்தில் பிரயாணம் செய்ய வேண்டியவர்கள் தரையில் நின்றபடியே இல்லறப் பிரயாணத்தைத் தொடங்குகிறார்கள்.

தனி மனிதர்களின் சேகரிப்பு இன்னொரு உலகம். பாடகர் எல்விஸ் பிரெஸ்லி 1975-இல் வாங்கித் தம் மகளின் பெயரைச் சூட்டிய கான்வேர் 880 விமானம் மெம்பிஸ் நகரில் அவர் மாளிகைக்கெதிரே நிற்கிறது. அந்த ரகத்தில் உலகில் எஞ்சியவை மிகச் சிலவே. பாடகருக்காக யாத்திரை வருகிறவர்களின் காசில் ஒரு அபூர்வ விமானமும் பிழைத்திருப்பதைத் தற்செயலான புண்ணியம் என்று சொல்லலாம். அவ்வளவு வசதி இல்லாத அபிமானிகள், முழு விமானத்துக்கு ஆசைப்படாமல், மூக்குப் பகுதியை மட்டும் வாங்கி வீட்டுக் கொல்லையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு மாலையும் ஒவ்வொரு திருகாணியாகச் செப்பனிடுகிறார்கள். காஸ்ஃபோர்டில் வெட்டுண்டது போன்ற பல விமானங்கள் உலகில் முகமாவது காட்டிக்கொண்டிருப்பது இத்தகைய பைத்தியக்காரர்களின் தயவால்தான். பைத்தியம் என்று நான் சொல்வது மரியாதையோடு. ஸ்டாக்ஹோம் விமான நிலையத்தில், ஒரு காலத்தில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸுக்காகப் பறந்த ஒரு 747-ஐ 2009-இல் தங்கும் விடுதியாக மாற்றினார்கள். ஆசனங்கள் போய்ப் படுக்கைகள் வந்தால் அது பாதுகாப்பாகுமா என்று தூய்மைவாதிகள் முகம் சுளிப்பதுண்டு. தகட்டைச் சிறு சிறு சதுரங்களாக வெட்டிச் சாவிக்கொத்தாக விற்பதைக் காட்டிலும் அது மேல்.

அதிர்ஷ்டத்தில் யாரும் கான்கார்டை எட்ட முடியாது. கட்டப்பட்டவை 20, அவற்றில் 18 இன்றும் இருக்கின்றன. ஓய்வு பெற்ற வேறெந்தப் பிரயாணி ஜெட் ரகத்துக்கும் இப்படிப்பட்ட கணக்கு அரிது. 2003-இல் பறப்பது நின்றபோது ஊருக்கு ஊர் போட்டி போட்டுக்கொண்டு கேட்டார்கள். ஒன்றின் இறக்கைகளை வெட்டிப் படகில் ஏற்றி, கடல் வழியாக ஸ்காட்லாந்துக்குக் கொண்டுபோனார்கள். நியூயார்க்கில் ஹட்சன் நதியோரம் நிற்கும் கான்கார்டு, சிங்கப்பூர்த் தமிழர்களில் மூத்தவர்களுக்கு அறிமுகமானதாக இருக்கலாம். லண்டனுக்கும் சிங்கப்பூருக்கும் இடையே 1970-களின் இறுதியில் கூட்டுச் சேவை நடந்தபோது, ஒரு பக்கம் பிரிட்டிஷ் ஏர்வேஸ் வர்ணமும் மறு பக்கம் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் வர்ணமும் பூசிக்கொண்டு பறந்தது அதுதான். அவ்வளவு புகழ் பெற்ற ரகத்திலுங்கூட, கடைசியாகப் பறந்த கான்கார்டு, தான் பிறந்த ஃபில்டன் நகரில் 2003 முதல் வெளியே நின்று, 2017-இல்தான் கூரைக்குள் புகுந்தது.

நம் தேசத்தின் கணக்கு என்ன என்று வாசகர் கேட்கக்கூடும். ஜம்போ ஜெட்டுகளுக்குச் சக்கரவர்த்திகளின் பெயரைச் சூட்டி, ஜன்னல்தோறும் ராஜஸ்தான் மாளிகை மாடத்தைச் சித்திரித்துப் பறக்கவிட்ட ஏர் இந்தியா, தன் கடைசி 747-களில் ஒன்றை 2024 ஏப்ரல் 22-ஆம் தேதி மும்பையிலிருந்து அனுப்பிவைத்தது. கிளம்பும்போது அது இறக்கைகளை இப்புறமும் அப்புறமும் அசைத்து விடைபெற்றதைப் பலர் படம் பிடித்துப் பரப்பினார்கள். அது போனது அமெரிக்காவுக்கு, வாங்கியவர்களிடம்.

இனி வரும் விமானங்களின் பாதுகாப்பு இன்னும் சிக்கலாகப் போகிறது. போயிங் 787-இன் முதல் மூன்று விமானங்களும் பறப்பதை நிறுத்திய சில வருஷங்களிலேயே நகோயா, சியாட்டில், அரிஸோனா ஆகிய இடங்களிலுள்ள காட்சிசாலைகளுக்குப் போய்விட்டன. பழைய தலைமுறையைப்போல் பல பத்தாண்டுகள் காத்திருக்கவில்லை. அவற்றின் உடல் பெரும்பாலும் கரிநார்க் கலவையால் ஆனது. ஆகவே அலுமினியத்தைத் தின்ற அரிப்பு அவற்றை அவ்வாறு தின்னாது. ஆனால் 727-ஐச் செப்பனிட்ட முதியவர்கள், ஒரு கருவி வேலை செய்யாவிட்டால் அதைத் திறந்து, பல்சக்கரத்தையும் கம்பியையும் பார்த்துக் குற்றத்தைக் கண்டுபிடித்தார்கள். கணிப்பொறித் திரைகளாலேயே ஆன இன்றைய விமானி அறை, அதன் உள்ளிருக்கும் மென்பொருளும் அதைத் தந்த கம்பெனியின் அனுமதியும் இல்லாவிட்டால் வெறும் கறுப்புக் கண்ணாடி வரிசைதான். ஆகவே சில அருங்காட்சியகங்களில் இப்போதே, விமானத்தைக் கேட்கும்போது அதன் பராமரிப்புப் புத்தகங்களையும் மென்பொருள் பிரதிகளையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்று பேசத் தொடங்கியிருக்கிறார்கள். கூரையைப் பற்றிய பேச்சோ முன்போலவே, பணம் யார் கொடுப்பது என்ற இடத்தில் வந்து நிற்கிறது.